தேத்தண்ணி: ஊத்தும் முறையும் குடிக்கும் நேரமும்

"இரிங்க, ஒரு தேத்தண்ணி ஊத்துறன்."

கிழக்கிலங்கையில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குப் போனால், ஸலாத்துக்கு அடுத்ததாகக் காதில் விழும் வசனம் இதுதான். "வேணாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்று வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் கேத்தல் அடுப்பில் ஏறியிருக்கும். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்ந்த விடயம். அந்தக் கண்ணியத்தின் மிகச் சிறிய, மிக மலிவான வடிவம் ஒரு கிளாஸ் தேத்தண்ணி. பணக்கார வீட்டிலும் அதுதான், ஓலை வீட்டிலும் அதுதான்.

ஆனாலும் வட்டிலப்பத்துக்கும் புரியாணிக்கும் குறிப்புக் கேட்பவர்கள் தேத்தண்ணிக்குக் கேட்பதில்லை. "அதுல என்ன இரிக்கி? கொதிதண்ணி, தேயிலை, சீனி" என்று முடித்துவிடுகிறோம். விடயம் அவ்வளவு சின்னதல்ல. நமது வீடுகளில் இன்று இரண்டு நோய்கள் சாதாரணமாகிவிட்டன. ஆண், பெண் இருவருக்கும் சீனி வருத்தம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தச்சோகை. இவற்றுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம் கையில் இருப்பவை இரண்டு: தேத்தண்ணியை எப்படி ஊத்துகிறோம், எப்போது குடிக்கிறோம். தேத்தண்ணியை விடச் சொல்வதற்காக இது எழுதப்படவில்லை. ஒழுங்காக ஊத்தினால் சீனி தானாகக் குறையும், நேரம் பார்த்துக் குடித்தால் சோற்றின் சத்து உடம்பில் சேரும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

சொல்லும் செடியும்

சீனாவின் ஃபூஜியன் கரையோர மக்கள் இந்த இலையைத் 'தே' என்றார்கள். ஒல்லாந்த வணிகர்கள் கப்பல் வழியே கொண்டு சென்றது அந்தச் சொல்லைத்தான். மலாய் மொழியிலும் சிங்களத்திலும் அதுவே நிலைத்தது. நமது தேயிலை, தேத்தண்ணி, தேக்கரண்டி மூன்றிலும் இருப்பதும் அந்தத் 'தே'தான். சீனாவின் பிற பகுதிகளில் வழங்கிய 'சா' தரை வழியே பாரசீகம் போய்ச் 'சாய்' ஆகி, அரபு மொழியில் 'ஷாய்' ஆனது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும் கேத்தல்கூட ஒல்லாந்தச் சொல்தான்.

இலங்கையில் தேயிலை வர்த்தகப் பயிராகத் தொடங்கியது 1867 இல். கண்டிக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் அதை நட்டார். 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழிக்க, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில்தான் அந்த மலைகள் பச்சையாயின. நாம் குடிக்கும் ஒவ்வொரு கிளாஸிலும் கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் கையும் இருக்கிறது.

எந்தத் தேயிலை?

கடையில் டஸ்ட், பீ.ஓ.பி., பீ.ஓ.பி.எப். என்றெல்லாம் எழுதியிருக்கும். இவை துணிக்கையின் அளவைக் குறிக்கும் பெயர்கள்; டஸ்ட் என்றால் குப்பை என்று அர்த்தமல்ல. துணிக்கை சிறிதாக இருந்தால் சாயம் வேகமாக இறங்கும். டஸ்டுக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். பீ.ஓ.பி.க்கு நான்கு, ஐந்து நிமிடம் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் ஊத்துவதால்தான் ஒரு நாள் சாயம் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது.

தேயிலை விளையும் உயரமும் முக்கியம். நுவரெலியா, திம்புல, ஊவா போன்ற மலைப்பகுதித் தேயிலையில் நிறம் குறைவு, வாசம் அதிகம்; பிளேன்டீக்கு நல்லது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையில் நிறமும் கடுப்பும் கூட. பால் ஊத்தினாலும் அடிபடாது.

தேயிலை பக்கத்திலுள்ள வாசத்தை எல்லாம் உறிஞ்சும். மிளகாய்த்தூளுக்கும் மாசிக்கும் அருகில் திறந்த போத்தலில் வைக்க வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள டின்னில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் போதும்.

சாயம் இறக்குதல்

ஒரு கிளாஸுக்கு ஒரு மட்டமான தேக்கரண்டி, ஏறத்தாழ 2 கிராம் தேயிலை போதும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். தேயிலையின் மீது கொதிநீரை ஊற்றி, மூடி வைத்து, மேலே சொன்ன நேரம் கழித்து வடியில் வடித்தெடுங்கள்.

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் பிழை நடக்கிறது. சாயம் வேண்டும் என்று தேயிலையைத் தண்ணீரோடு போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுகிறோம். அல்லது வடியில் கிடக்கும் பழைய சக்கையிலேயே இரண்டாம் முறையும் ஊத்துகிறோம். தேயிலையின் வாசமும் நிறமும் முதல் சில நிமிடங்களில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு இறங்குவதில் பெரும்பங்கு துவர்ப்பு. நாக்கைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பை மறைக்கத்தான் மூன்று கரண்டி சீனி தேவைப்படுகிறது. கடும் சாயம் வேண்டுமானால் தேயிலையைக் கொஞ்சம் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். சீனியைக் குறைக்கும் முதல் வழி இதுதான்.

வரண்ட பிரதேசக் கிணற்றுத் தண்ணீரில் ஊத்தினால் மேலே எண்ணெய் போல் ஓர் ஆடை படரும். அது வன்னீரின் வேலை, தேயிலையில் பிழையில்லை. பிளேன்டீயில் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் அந்த ஆடை குறையும்.

சீனிக் கணக்கு

ஒரு தேக்கரண்டி சீனி 4 முதல் 5 கிராம். கிளாஸுக்கு மூன்று கரண்டி, ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ் என்றால் 60 முதல் 75 கிராம் சீனி தேத்தண்ணியில் மட்டும் உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி வளர்ந்த ஒருவர் நாள் முழுதும் எடுக்கும் சேர்க்கப்பட்ட சீனி ஏறத்தாழ 50 கிராமுக்கு மேற்படக் கூடாது. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. டின்பாலில் ஏறத்தாழ பாதி சீனிதான். டின்பாலும் ஊற்றி, மேலே சீனியும் போடுவது இரட்டைக் கணக்கு.

ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் சண்டைதான் வரும். வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறையுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிடும். பழைய ஆட்கள் செய்தது போல், சீனி போடாத பிளேன்டீயோடு ஒரு சிறு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக் குடிப்பதும் நல்ல முறை. கரைத்துக் குடிப்பதைவிடக் குறைவாகவே செலவாகும். ஆனால் "கருப்பட்டிதானே, சீனி வருத்தக்காரனுக்கு ஒண்டும் செய்யாது" என்பது தவறு. கருப்பட்டியும் சீனிதான், அளவுதான் முக்கியம்.

இஞ்சித் தேத்தண்ணி

நான்கு கிளாஸுக்குப் பெருவிரல் அளவு இஞ்சி, இரண்டு ஏலம், ஒரு சிறு துண்டு கறுவா. இஞ்சியைத் தட்டி, மற்றவற்றோடு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு தேயிலையைப் போட்டு மூடி, மூன்று நிமிடத்தில் வடியுங்கள். கறுவாவும் ஏலமும் இனிப்பை நினைவூட்டும் வாசனைகள் என்பதால் சீனி அரைவாசி போதும்.

இதற்குப் பால் ஊற்றுவதானால் ஓர் எச்சரிக்கை. பச்சை இஞ்சியில் பாலைத் திரைய வைக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்தால் அது செயலிழந்துவிடும். இஞ்சியைப் பாலிலேயே நேரே தட்டிப் போடுபவர்களுக்குத்தான், "பால் பழுதாப் போயிட்டு" என்று கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டி வருகிறது. கருப்பட்டி போடுவதாக இருந்தாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே போடுங்கள். அதிலுள்ள புளிப்பும் கொதிக்கும் பாலைத் திரைத்துவிடும்.

பால் தேத்தண்ணி

பால்மாவைச் சுடுசாயத்தில் நேரே கொட்டினால் கட்டிபடும். ஒரு கிளாஸுக்கு இரண்டு தேக்கரண்டி பால்மாவைக் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் களி போலக் குழைத்து, அதன் மேல் வடித்த சாயத்தை ஊற்றி, இரண்டு முறை உயர்த்தி ஆற்றுங்கள். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கடும் சாயமும் பாலோடு மெதுவாக இறங்குகிறது.

2021, 2022 நெருக்கடியில் பால்மா கிடைக்காமல், கிடைத்தாலும் வாங்க முடியாமல், பல வீடுகளும் கடைகளும் பிளேன்டீக்குத் திரும்பின. அப்போது அதைக் குறைவாக நினைத்தோம். நல்ல மலைத்தேயிலையைச் சரியான நேரத்தில் வடித்தால் பிளேன்டீ யாருக்கும் வைக்கக்கூடிய தேத்தண்ணிதான். வந்தவருக்குப் பால் இல்லையே என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேசிக்காய்க் குளிர் தேத்தண்ணி

வெயில் காலத்துக்கு ஏற்றது. வழமையைவிட இரண்டு மடங்கு கடுமையாகச் சாயம் இறக்கி, வடித்து, ஆறவிட்டு, அதே அளவு குளிர்தண்ணீரும் தேசிக்காய்ச் சாறும் சேருங்கள். புளி பட்டதும் நிறம் வெளிறும், அது இயல்பு. சாயத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வேளை கலங்கும். பழுதாகிவிட்டது என்று ஊற்றிவிட வேண்டாம். கொஞ்சம் கொதிநீர் சேர்த்தால் தெளிந்துவிடும். புதினா இலை இரண்டு கசக்கிப் போட்டால் சீனி இல்லாமலே குடிக்கலாம். இதற்குப் பால் சேர்க்கக் கூடாது, திரைந்துவிடும்.

தேத்தண்ணியில் ஊறிய பேரீச்சம்பழக் கேக்

நோன்பு முடிந்த பிறகு பல வீடுகளில் பேரீச்சம்பழம் மிஞ்சிக் கிடக்கும். பழக் கேக் என்றதும் பழங்களை மதுவில் ஊறவைக்கும் வழக்கம் நினைவுக்கு வருவதால், நம்மில் சிலர் அந்தப் பக்கமே போவதில்லை. பழத்தை ஊறவைக்க நல்ல சாயமே போதும்.

250 மில்லிலீற்றர் கொதிநீரில் மூன்று தேக்கரண்டி தேயிலையை ஐந்து நிமிடம் வைத்து வடியுங்கள். கொட்டை நீக்கி நறுக்கிய 200 கிராம் பேரீச்சம்பழம், 100 கிராம் முந்திரிகை வற்றல், 75 கிராம் சிவப்புச் சீனி மூன்றையும் அந்தச் சூட்டிலேயே போட்டு இரவு முழுதும் மூடி வையுங்கள். காலையில் ஒரு முட்டையை அடித்துச் சேருங்கள். 225 கிராம் கோதுமை மா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துப் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். எண்ணெய்த்தாள் விரித்த நீளத் தட்டில் ஊற்றி, 160 பாகை செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். ஈர்க்கு குத்திப் பார்த்தால் மா ஒட்டாமல் வர வேண்டும். பட்டர் தேவையில்லை. அடுத்த நாள்தான் ருசி கூடும்.

குடிக்கும் நேரம்

இனி முக்கியமான விடயம். கீரை, பருப்பு, கடலை, தானியங்களில் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் பிடித்துக்கொள்கின்றன. உடம்பு அதை உறிஞ்ச விடுவதில்லை. பால் ஊற்றினாலும் இந்தத் தடை நீங்கிவிடாது. இறைச்சி, ஈரலில் உள்ள இரும்பு இந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் தினமும் இறைச்சி வாங்க எத்தனை வீட்டால் முடியும்? பாணும் பருப்பும், சோறும் கீரையும் சாப்பிடுகிற வீட்டில்தான் இந்த இழப்புப் பெரிது. அந்த வீட்டில்தான் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணியும் வருகிறது.

வழி இலேசானது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். சாப்பாட்டோடு ஏதாவது குடிக்க வேண்டுமென்றால் தண்ணீர், அல்லது தேசிக்காய்த் தண்ணீர். தேசிக்காயின் விற்றமின் சீ இரும்பை உறிஞ்ச உதவும். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. தேத்தண்ணியில் ரஸ்க் தோய்த்துக் கைக்குழந்தைக்கு ஊட்டும் வழக்கத்தையும் விட வேண்டும். வளரும் பிள்ளைக்கு வேண்டிய இரும்பை அது தடுக்கிறது, பசியையும் அடக்குகிறது. கடலை அவிக்கும்போது நிறத்துக்காகத் தேயிலைப் பை போடும் வடஇந்திய முறை ஒன்றுண்டு. நிறம் அழகாக வரும். ஆனால் இரத்தச்சோகை உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

நோன்பு காலத்தில் ஸஹர் சோற்றின் மேல் கடும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நோன்பு பிடிப்பது பலரின் பழக்கம். ஸஹரில் தண்ணீரைக் குடித்துவிட்டு, தேத்தண்ணியைத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இனி யாராவது வீட்டுக்கு வந்தால் கேத்தலை ஏற்றுங்கள். அந்த வழக்கம் நம்மை விட்டுப் போகக் கூடாது. ஆனால் சீனியை முதலே கரைத்துக் கொண்டு போகாதீர்கள். சீனியைத் தனிக் கோப்பையில் வைத்து, "சீனி எவ்வளவு போடட்டும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சீனி வருத்தத்தை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, வைத்ததைக் குடித்துவிட்டுப் போகிற எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்வியே பெரிய உபசரிப்பு.