கண்ணாடி நாருக்குச் சல்லி போட்டது யார்?

தரம் 11 வகுப்பில் முழுவுட்தெறிப்பு படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒளியியல் நாரின் படத்தைக் கரும்பலகையில் கீறி, அவதிக் கோணத்தையும் குறித்து முடித்தபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், இதக் கண்டுபுடிக்கிறதுக்குச் சல்லி போட்டது யாரு?" வகுப்பே சிரித்தது. இத்தனை வருட ஆசிரியத் தொழிலில் எவரும் என்னிடம் கேட்காத கேள்வி. பாடப்புத்தகத்திலும் விடை கிடையாது.

1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரில், தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சார்ள்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்ஹாமும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணாடி நார் வழியே தொலைபேசி அழைப்புகளை அனுப்பலாம். ஆனால் ஒரு கிலோமீற்றர் கடந்த பிறகு நூறில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்ச வேண்டும் என்றார்கள். பொறியியலாளர் கணக்கில் அது 20 டெசிபெல் இழப்பு. அன்றிருந்த கண்ணாடியில் சுமார் இருபது மீற்றர் போவதற்குள்ளேயே ஒளி அந்த அளவுக்குத் தேய்ந்துவிடும். அதற்குக் காரணம் கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பு போன்ற மாசுகளே, அவற்றை நீக்கினால் போதும் என்பது காவோவின் வாதம்.

அதை நம்பிக் காசை இறக்கியவர்களில் முக்கியமானது பிரித்தானிய தபால் துறை. அப்போது தொலைபேசிச் சேவையும் அதன் கையில்தான் இருந்தது. தனது ஆய்வுகூடத்தில் வேலையைத் தொடங்கியதோடு நிற்காமல், கண்ணாடி செய்பவர்களிடமும் போய்க் கேட்டது. அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்துக்கு இந்தத் தேவை எட்டியது அப்படித்தான். அங்கே ரொபர்ட் மௌரர், டொனால்ட் கெக், பீற்றர் ஷுல்ட்ஸ் மூவரும் 1970இல் 17 டெசிபெல் நாரைச் செய்து காட்டினார்கள்.

கஷ்டம் தொடங்கியதே அதன் பிறகுதான். நார் இருந்தது, வாங்க ஆளில்லை. ஐரோப்பிய, ஜப்பானியக் கேபிள் நிறுவனங்களோடு கூட்டு அபிவிருத்தி ஒப்பந்தங்கள் செய்து, செலவைப் பங்குபோட்டு கோர்னிங் தாக்குப்பிடித்தது. எம்சிஐ என்ற அமெரிக்க நிறுவனம் 100,000 கிலோமீற்றர் நார் வேண்டுமென்று வந்தது 1980களின் தொடக்கத்தில். பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார்கள்! (காவோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009இல். அது வேறு காத்திருப்பு.)

அரச பணத்தின் பங்கைப் புரிந்துகொள்ள சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். 1987இல் அங்கே டேவிட் பெய்னின் குழு, எர்பியம் என்ற மூலகம் கலந்த நாரைக் கொண்டு, களைத்துப்போன ஒளியை மின்னாக மாற்றாமல் ஒளியாகவே பெருக்கிக் காட்டியது. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கடலடிக் கேபிளில், கடலின் அடியில் இடைக்கிடையே இருப்பவை இந்த வகைப் பெருக்கிகளே. 1989இல் அரச ஆய்வு மன்றத்தின் நிதியோடு அங்கே ஒளி மின்னணுவியலுக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் உருவானது. அதன் ஆய்வுகளிலிருந்து 2017இல் பிறந்த லூமெனிசிட்டி என்ற நிறுவனம், நடுவே கண்ணாடிக்குப் பதிலாகக் காற்று உள்ள நாரைத் தயாரித்தது. காற்றில் ஒளி கண்ணாடியில் போவதைவிட வேகமாகப் போகும். 2022இல் மைக்ரோசொஃப்ட் அதை வாங்கியது. 2025இல் வெளியான அளவீட்டில் அந்த நாரின் இழப்பு கிலோமீற்றருக்கு 0.091 டெசிபெல். காவோ கேட்டது இருபது!

பொதுமக்கள் பணத்தில் பல வருடம் வளர்ந்த அறிவு கடைசியில் ஒரு கம்பனியின் கையில் போவது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் பலிக்குமா என்று எவருக்கும் தெரியாத காலத்தில் அரசும் பல்கலைக்கழகமும் தாங்கியிராவிட்டால், வாங்குவதற்கு அந்தக் கம்பனிக்கு ஒன்றுமே இருந்திராது.

நமது நாடு ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதத்தையும் எட்டுவதில்லை. அரசை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வசதியான பழைய மாணவர் ஒருவரிடம், பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஒரு சிறிய லேசரும் சில மீற்றர் நாரும் கேட்டேன். கட்டடமென்றால் சொல்லுங்கள், பெயர்ப்பலகை போடலாம் என்றார். அந்தப் பின்வரிசை மாணவன் இப்போதைக்கு வீட்டு ரவுட்டரோடு வந்த பழைய பைபர் துண்டொன்றைக் கொண்டுவந்திருக்கிறான். டோர்ச் அடித்துப் பார்க்கிறோம்.