முன்னாடி என்ன அரைச்சீங்க?

மாவு மில்லில் தூக்குவாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி தானாக வாயில் வரும். மிளகாய் அரைத்த கையோடு அதே மெஷினில் யாரும் பச்சரிசியைக் கொட்ட மாட்டார்கள். கொட்டினால் அன்றைக்கு இடியாப்பம் உறைக்கும். ஆனால் முன்னால் அரைத்தது கோதுமை என்றால் நாம் கண்டுகொள்வதில்லை. கேழ்வரகு மாவில் ஒரு பிடி கோதுமை மாவு சேர்ந்தால் நாக்குக்குத் தெரியவா போகிறது?

நாக்குக்குத் தெரியாது. சிலருடைய குடலுக்குத் தெரியும்.

பிசைந்த மைதா உருண்டை ஒன்றைக் குழாயடியில் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருங்கள். மாவுச்சத்து பால்போலக் கரைந்து ஓடிவிடும். கடைசியில் கையில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு கட்டி மிஞ்சும். இத்தாலியின் போலோன்யா நகரத்தில் பெக்காரி என்பவர் இதைச் செய்து பார்த்து எழுதியது 1745-இல் அச்சில் வந்தது. அந்தக் கட்டிதான் குளூட்டன், கோதுமையின் புரதம். பரோட்டா மாஸ்டர் மாவைக் காற்றில் வீசி விசிறும்போது அது கிழியாமல் துணிபோல விரிகிறதே, அந்த வித்தையில் பாதி மாஸ்டருடையது, மீதி குளூட்டனுடையது. அரிசி மாவில் அது கிடையாது. அதனால்தான் அரிசி மாவில் வீச்சுப் பரோட்டா போட முடியாது.

இந்தப் புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. நம் செரிமான நொதிகள் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்குபவை. புரோலின் நெருங்கி நிற்கும் இடத்தில் மட்டும் அவற்றின் கத்தி இறங்காது. எல்லோருடைய வயிற்றிலும் குளூட்டன் அரைகுறையாகத்தான் செரிக்கிறது. 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு எதற்கும் மசியாமல் முழுசாகத் தங்கிவிடுகிறது என்று 2002-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சீலியாக் நோய் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் மட்டும் அந்தத் துண்டை எதிரி என்று எடுத்துக்கொண்டு சொந்தக் குடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகின்றன. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, குழந்தையென்றால் வளர்ச்சிக் குறைவு. மருந்து கிடையாது. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஆயுள் முழுக்க விலக்குவதுதான் வைத்தியம்.

காரணம் கோதுமைதான் என்பதை உறுதி செய்தவர் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போர் முற்றுகையால் அந்த நாட்டில் ரொட்டியே இல்லாமல் போனது. ஜனங்கள் டூலிப் கிழங்கைத் தின்றார்கள். ஊரே பட்டினியில் வாடியபோது அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-இல் அவருடைய ஆய்வேடு வந்தது.

சரி, விலக்கினால் போதுமே, ஹோட்டலில் இட்லி தோசை சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அளவைப் பாருங்கள். தினம் 50 மில்லிகிராம் குளூட்டனை 90 நாள் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு ஒன்றில் குடலுறிஞ்சிகள் பழுதாயின. பெரும்பாலான நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்பது இன்றைய பொதுக் கணக்கு. 10 மில்லிகிராம் குளூட்டன் என்பது ஏறக்குறைய 100 மில்லிகிராம் மைதா, அதாவது ஒரு சிட்டிகையில் பாதிகூட இல்லை. ‘குளூட்டன் இல்லாதது’ என்று பாக்கெட்டில் அச்சடிக்க உலக அளவிலான வரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

இப்போது தோசைக்கல்லுக்கு வருவோம். ரவா தோசை எடுத்ததும் மாஸ்டர் தண்ணீரைத் தெளிப்பார், ‘சொய்’ என்று ஆவி எழும்பும், துடைப்பத்தால் ஒரு தள்ளு, அடுத்த தோசை. பார்க்க அழகு. ஆனால் அங்கே கல்லைக் கழுவவில்லை, பெருக்கியிருக்கிறார்கள். ரவையும் மைதாவும் ஒட்டிய துடைப்பம் அடுத்த தோசைக்கும் வருகிறது, தோசைத்திருப்பியும் கூடவே வருகிறது.

“அவ்வளவு சூட்டில் எல்லாம் செத்துப்போகுமே” என்பார்கள். இங்கேதான் நம் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. கொதிக்கவைத்தால் சுத்தம் என்பது கிருமிகளுக்கான பாடம். குளூட்டனுக்கு உயிர் இல்லை, எனவே சாவும் இல்லை. ரொட்டி அடுப்பில் வெந்து வந்தபிறகும் அதில் குளூட்டன் இருப்பதுபோல, காய்ந்த எண்ணெயிலும் அது இருக்கிறது. மைதா தோய்த்த காலிஃபிளவர் பொரித்த சட்டியில் உருளைச் சிப்ஸைப் போட்டால் சிப்ஸிலும் அது வந்து சேரும். அமெரிக்காவில் இப்படிப் பொது எண்ணெயில் பொரித்த உருளை வறுவலை 20 தட்டு வாங்கிச் சோதித்தார்கள். 9 தட்டில் குளூட்டன் இருந்தது.

நெருப்புக்கு அடங்காதது தண்ணீருக்கு அடங்கும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2020-இல் வெளியான வாஷிங்டன் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வில், சாதாரண பாஸ்தா வேகவைத்த அதே தண்ணீரில் குளூட்டன் இல்லாத பாஸ்தாவை வேகவைத்தார்கள். 20 என்ற வரம்பைத் தாண்டியது. அதையே குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் அலசியதும் வரம்புக்குள் இறங்கிவிட்டது. எல்லோரும் பயப்படும் பொது டோஸ்டர் அந்தச் சோதனையில் வரம்பைத் தாண்டவே இல்லை. ஆகவே கல்லையும் கரண்டியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும், தீட்டுப்போல அது ஒட்டிக்கொள்வதில்லை.

இட்லிக்குக் கல் தேவையில்லை, தனித் தட்டில் வேகிறது. அப்பாடா என்று உட்கார்ந்தால் சாம்பார் வருகிறது. சாம்பாரில் ஏது கோதுமை? பெருங்காயத்தில். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் வாசனையைத் தாங்க முடியாது என்பதால் கருவேலம் பிசின் போன்றவற்றோடு மாவு கலந்து கட்டியாக்குகிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு, சிலவற்றில் அரிசி மாவு. இதனால் ரசமும் இட்லிப் பொடியும், ஏன், தயிர் சாதத்தின் தாளிப்பும்கூடச் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடுகின்றன.

சப்ளையரிடம் “கோதுமை ஒத்துக்காது” என்று சொல்லிப் பாருங்கள். “அப்ப ரவா தோசை சாப்பிடுங்க சார்” என்று அக்கறையாகவே சொல்வார். ரவை, மைதா, சேமியா மூன்றும் நம் பேச்சில் கோதுமையின் பிள்ளைகளே அல்ல. சப்பாத்திதான் கோதுமை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. இந்தியாவில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, வடக்கே நூறில் 1.2 பேருடைய இரத்தத்தில் இந்த நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருடைய இரத்தத்தில். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வித்தியாசம் தட்டில்: வடக்கே ஒருவர் சராசரியாகத் தினம் 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். இரவுச் சாப்பாடு சப்பாத்தி என்று ஆகிவிட்ட வீடுகள் இங்கே எத்தனை என்று எண்ணிப்பார்த்தால், அந்த 25 அப்படியே நிற்கும் என்று நான் நம்பவில்லை.

கல்லையும் கரண்டியையும் பிரித்து வைக்கும் வித்தை நம் ஹோட்டல்காரர்களுக்குப் புதிதும் அல்ல. சைவம் சாப்பிடுகிறவர் “ஆம்லெட் போட்ட கல்லா?” என்று கேட்டால் எந்த மாஸ்டரும் விளக்கம் கேட்பதில்லை. வேறு கல், வேறு கரண்டி, வேறு எண்ணெய். எனவே சீலியாக் உள்ளவர்கள் குளூட்டன் பாடம் நடத்துவதைவிட, “ரவையும் மைதாவும் எனக்கு அசைவம் மாதிரி, அது பட்ட கல், கரண்டி, எண்ணெய் எதுவும் ஆகாது” என்று சொல்லிப் பார்க்கலாம். கூட்டமில்லாத நேரமாகப் போவது நல்லது. பரபரப்பில் எந்த மாஸ்டரும் கல் கழுவ மாட்டார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால், நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் அடுக்களைப் பெருங்காய டப்பாவின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கோதுமை மாவு என்று இருந்தால், நோயுள்ள விருந்தாளி யாராவது வந்து “சாம்பார் வேண்டாம், வெறும் இட்லி போதும்” என்றால் வற்புறுத்தாதீர்கள்.