சிட்டிகை உப்பில் இருக்கிறது சூட்சுமம்!

ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர் போன ஊர். அங்கே ஒருவர் தறியில் உட்கார்ந்தால், வீடே வேலையில் சேர்ந்துகொள்ளும். பெண்கள் தார் சுற்றுவார்கள். நடுவில் உலையும் வைப்பார்கள்.

இப்படி உழைக்கும் பெண்ணுக்குத் தீராத சோர்வு வருகிறது. உடம்பு கனக்கிறது. முடி கொட்டுகிறது. மாதவிலக்கு தவறுகிறது. "வேலைக் களைப்பு" என்று விட்டுவிடுகிறார்கள். சில சமயம் அது களைப்பு அல்ல!

கழுத்தில் ஒரு சுரப்பி

முன்கழுத்தில், வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்தான் உடம்பின் வேகத்தை நடத்துகிறது. இந்தச் சுரப்பிக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

பாவு இல்லாமல் சேலை நெய்ய முடியுமா? அதுபோல, அயோடின் இல்லாமல் இந்த ஹார்மோன் உண்டாகாது. அயோடினோ உணவில்தான் வரவேண்டும். ஆயுள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி அளவே போதும். ஆனால் தினமும் துளித் துளியாகக் கிடைக்கவேண்டும்.

கிடைக்காவிட்டால் சுரப்பி வீங்கும். அதுதான் கழலை.

காங்ராவில் நடந்த சோதனை

இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே கழலை மிகுதி. 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அங்கே ஆராய்ச்சி தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் உப்பு. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. அயோடின் உப்பு தின்ற ஊர்களில் கழலை குறைந்தது!

1962-ல் மத்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்க 2006-ல் தடை விதித்தது.

கர்ப்பிணிகளே, கவனம்!

"கடல் உப்புதானே, அயோடின் இருக்காதா?" என்று கேட்கலாம். கடல் உப்பில் இயல்பாக இருப்பது மிகக் கொஞ்சம். தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

பொதுவாகப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கர்ப்பிணிக்கு 250. முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை, தாயின் ஹார்மோனை நம்பியே வளர்கிறது. தாய்க்குக் குறைந்தால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றும்.

என்ன செய்யலாம்?

உறையில் "அயோடின் கலந்தது" என்று பார்த்து வாங்குங்கள். கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கும். ஈரம் படாமல் மூடி வையுங்கள். குழம்பை இறக்கும்போது உப்புப் போடுங்கள். பால், முட்டை, கடல் மீனிலும் அயோடின் உண்டு.

அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறும். நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும்.

எல்லாத் தைராய்டு நோயும் உப்பால் வருவதல்ல, உப்பால் தீருவதுமல்ல. சோர்வு நீடித்தால் டாக்டரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போடுகிற கை, தன் உடம்பையும் கவனிக்க வேண்டாமா?