ஏட்டிலிருந்து திரைக்கு

“கதை நன்றாகத்தான் இருந்தது, படமாக எடுத்துக் கெடுத்துவிட்டார்கள்!” நூலகத்தில் புத்தகம் மாற்றும் வேளையில் நம் தோழியர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். சென்ற ஆண்டு வரை இதை மறுக்க முடியாத உண்மை என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் மாறிய விதத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு தமிழில் நேற்றுத் தோன்றியதன்று. கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ 1939-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமரர் கல்கி அக்கதையை ஆனந்த விகடனில் தொடராக எழுதி வந்தபோதே படமும் தயாராயிற்று. ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே தொடரில் அச்சாயின. பின்னர் கல்கியின் ‘கள்வனின் காதலி’ 1955-லும், ‘பார்த்திபன் கனவு’ 1960-லும் திரைக்கு வந்தன. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-லும், ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1977-லும், உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ 1978-லும் படங்களாயின.

இவற்றில் எதுவும் நாவலை வரிக்கு வரி நகலெடுத்ததன்று. அது இயலவும் இயலாது. ஏனெனில் எழுத்தின் வழி வேறு, திரையின் வழி வேறு. ஒருத்தி மனத்துக்குள் நினைப்பதை எழுத்தாளர் இரண்டு பக்கம் எழுதலாம். இயக்குநரோ அதை ஒரு பார்வையில், ஒரு மௌனத்தில், ஓர் இசையில் காட்ட வேண்டும். ‘முள்ளும் மலரும்’ படத்தை இயக்கிய மகேந்திரன் வசனத்தைக் குறைத்து, முகங்களையும் மலையையும் பேச விட்டார். அந்தப் படத்துக்கு இசையமைத்த இளையராஜா நம் மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமையன்றோ!

மாற்றம் என்றாலே குறை என்று கொள்ளலாகாது. வங்கத்தில் விபூதிபூஷண் பந்தோபாத்யாய் எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’ 1929-ல் நூலாக வந்தது. அதில் துர்காவும் தம்பி அப்புவும் ரயிலைத் தேடிப் போய், வழி தவறி, காணாமலே வீடு திரும்புகிறார்கள். சத்யஜித் ராய் 1955-ல் எடுத்த படத்தில், நாணல் பூத்த வெளியில் அவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரும்புகை கக்கிக்கொண்டு ரயில் வந்துவிடுகிறது. நூலில் அந்த ஏக்கம் நம்மை வருத்துகிறது. படத்திலோ நாமும் அவர்களோடு ஓடுகிறோம். அதனாலேயே பிறகு துர்கா காய்ச்சலில் இறக்கும்போது, உடன் ஓடியவள் போய்விட்டாளே என்று நெஞ்சு கனக்கிறது. நிகழ்ச்சி மாறியது; துயரம் மாறவில்லை.

கீழ்த்திசை நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. ஜப்பானில் யோகோ காமியோ என்ற பெண்மணி வரைந்த ‘ஹனா யோரி டாங்கோ’ என்னும் சித்திரக்கதை, பணக்காரப் பள்ளியில் படிக்கும் ஓர் எளிய வீட்டுப் பெண்ணைப் பற்றியது. அதைத் தைவானில் 2001-லும், ஜப்பானில் 2005-லும், கொரியாவில் 2009-லும் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். மூலக்கதையில் அவள் அலுவலக ஊழியர் ஒருவரின் மகள். கொரியத் தொடரிலோ சலவைக் கடைக்காரரின் மகள். எளிய குடும்பம் என்றால் தம் மக்களுக்கு எது சட்டென்று விளங்கும் என்பதை அந்தந்த நாட்டார் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இத்தனையும் நான் பிற்பாடு அறிந்துகொண்டவை. அறிய வைத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாச்சி!

போடியிலிருந்து வரும் பேருந்து திரும்பிச் செல்லும் இடமாகிய குரங்கணியில் எங்கள் வீடு. அம்மாச்சி இளமை முதல் ஏலத்தோட்டங்களில் காய் எடுத்தவர். இப்போது முழங்கால் வலியால் வீட்டோடு இருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் மணிரத்னம் இயக்கிய ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டு பாகங்களையும் வீட்டுத் தொலைக்காட்சியில் அடுத்தடுத்துப் பார்த்தோம். 2022-லும் 2023-லும் வந்த அப்படங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வந்து, ஐந்து பாகங்களாக, இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்த கதை அது.

அம்மாச்சி கண் இமைக்காமல் பார்த்தார். நானோ நாவலைப் படித்தவள் என்ற செருக்கில் இடையிடையே குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். “மணிமேகலை என்று ஒருத்தி வருவாள், அவளையே விட்டுவிட்டார்கள். முடிசூட்டும் முடிவையும் மாற்றிவிட்டார்கள். இதெல்லாம் ஒரு படமா?” என்றேன். “நல்லாத்தான தாயி இருக்கு?” என்றார் அம்மாச்சி. “படிக்காத உனக்கு அது புரியாது, அம்மாச்சி” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன கணமே என் முகம் சுருங்கிற்று. அம்மாச்சி கோபிக்கவில்லை. சற்று நேரம் கழித்துச் சொன்னார்: “படிக்கத் தெரியாதவளுக்குப் படந்தான தாயி பொஸ்தகம்? அஞ்சு கிலோ பச்சக் காய ஸ்டோர்ல காயப் போட்டா ஒரு கிலோதான் மிஞ்சும். மத்ததெல்லாம் தண்ணி. எவ்வளவு கொறஞ்சுச்சுன்னு யாரும் கேக்க மாட்டாக. வாசம் இருக்கா, நெறம் இருக்கான்னுதான் பாப்பாக. அவசரப்பட்டுச் சூட்ட ஏத்துனா காய் வெடிச்சுப் போகும். அந்தப் படத்துல எனக்கு வாசம் இருந்துச்சு.”

எத்தனை விமரிசனங்களைப் படித்தாலும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது. ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரமாக்குவதும் உலர்த்தும் வேலைதான். எது தண்ணீர், எது வாசம் என்று கண்டுகொள்வதே இயக்குநரின் திறமை. அதில் அவர் தவறுவதும் உண்டு. சில படங்களில் சண்டையும் ஆட்டமும் மிஞ்சி, கதையின் உயிர் ஆவியாகிப் போவதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால் அம்மாச்சி இன்னொன்றும் கேட்டார். “சரி, அந்த மணிமேகலைங்குற புள்ள யாரு? படத்துல இல்லன்னா என்ன, நீ சொல்லு.”

அன்று இரவே முதல் பாகத்தை எடுத்து உரக்கப் படிக்கத் தொடங்கினேன். நாளுக்குப் பத்துப் பக்கம். தேர்வு நாட்களில் விடுமுறை. படத்தில் பார்த்த முகங்கள் அம்மாச்சிக்குப் பெரிதும் உதவின. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான் என்று படித்தவுடன், “ஆமா, வீராணம் ஏரிக்கரையில” என்பார். படம் பார்த்திராவிட்டால் இத்தனை பெயர்களை அவரும், அவர் கேட்டிராவிட்டால் இத்தனை பக்கங்களை மீண்டும் நானும் கடந்திருக்க மாட்டோம்.

ஆகவே, அன்புத் தோழியரே, நாவலைத் தழுவிய படத்தைப் பார்க்கும்போது “அப்படியே எடுத்திருக்கிறார்களா?” என்று மட்டும் கேட்பது போதாது. கதையின் உயிர் எது, அது திரையில் இருக்கிறதா என்று கேட்போம். மாற்றியிருந்தால், அந்த மாற்றம் எதைச் சொல்லுவதற்காக என்று எண்ணுவோம். நூலைத் தொட வாய்ப்பில்லாதவர் நம் வீட்டில் யாரேனும் உண்டா என்றும் பார்ப்போம். அவருக்கு விடுபட்டதைப் படித்துச் சொல்வது நம் கடமையல்லவா? பெற்றோர்களும் படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மூலநூலைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் நன்றாயிருக்கும்.

தை பிறந்தபோது ஐந்தாம் பாகத்தின் இறுதியை அடைந்தோம். வந்தியத்தேவன் மடியில் மணிமேகலையின் உயிர் பிரியும் இடம் அது. படிக்க முடியாமல் என் குரல் தடைப்பட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாச்சி சொன்னார்:

“இந்தப் புள்ளையப் படத்துல காட்டாததும் நல்லதாப் போச்சு தாயி. காட்டியிருந்தா ரெண்டு நிமிசத்துல செத்துப் போயிருப்பா. இப்ப நம்ம வீட்டுல எட்டு மாசம் இருந்துட்டுப் போயிருக்கா.”

— பத்தாம் வகுப்பு மாணவி, குரங்கணி