விஸ்வநத்தம் அச்சகத்தைக் கூகுள் எப்படிப் படிக்கிறது?

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் சேர்ந்தே இருக்கின்றன. தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் தொங்கும் தினசரி காலண்டர்களில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில் அடிக்கப்பட்டதுதான். கடைப் பெயர், ராகு காலம், நல்ல நேரம் என்று ஊருக்கெல்லாம் எழுத்து அடித்துக் கொடுக்கும் தொழில் இது. ஆனால் தன்னைப் பற்றி இணையத்தில் எழுத்தாக வைத்திருப்பது மிகக் குறைவு. சிறிய அச்சகங்களின் தளங்கள் பலவற்றில் இருப்பவை வரிசையாகப் படங்கள், ஒரு செல்பேசி எண், ‘தரமான சேவை, நியாயமான விலை’ என்று ஒரு வரி. கும்பகோணத்து ஜவுளிக்கடைக்காரர் காலண்டர் அடிக்க ஆள் தேடும்போது இப்படிப்பட்ட தளம் ஐந்தாம் பக்கத்துக்கும் கீழே கிடக்கிறது. அதற்கு முதல் காரணம் எழுத்துப் பஞ்சம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். தேடல் எந்திரத்தின் உள்ளே நடக்கும் கணக்கைப் பார்த்தால் இது புரியும்.

நாம் தேடும் நொடியில் கூகுள் இணையத்தைப் புரட்டுவதில்லை. அதன் ‘கிராலர்’ நிரல்கள் இரவு பகலாகத் தளம் தளமாகப் போய்ப் பக்கங்களை முன்கூட்டியே எடுத்துவந்து விடுகின்றன. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று குறித்து வைக்கப்படுகிறது. தடித்த நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதே ஏற்பாடுதான். ‘தாம்பூலப் பை’ என்று தட்டினால், அந்த இரு சொற்களின் பட்டியலும் ஒத்துப்போகும் பக்கங்களே முக்கியமாகப் போட்டிக்கு வரும். ஒரு பக்கத்திலிருந்து அடைவில் ஏறாத சொல்லுக்கு அந்தப் பக்கம் போட்டிக்கு வருவது கடினம்.

அச்சு ஊருக்கே உரிய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அச்சகத்தில் எல்லாமே கடைசியில் படமாகத்தான் முடியும். விலைப்பட்டியல், காலண்டர் ரகங்கள், அளவுகள் எல்லாவற்றையும் டிசைனர் அழகாக வடிவமைத்து ஒரே படமாக்கித் தளத்தில் ஏற்றிவிடுகிறார். நம் கண்ணுக்கு ‘ரியல் ஆர்ட்’, ‘கோல்டன் பாயில்ஸ்’ என்று ரகப் பெயராகத் தெரிவது நிரலுக்கு வெறும் புள்ளிக்கூட்டம். படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் நுட்பம் வளர்ந்திருக்கிறது, உண்மை. ஆனாலும் முக்கியமான செய்தியைப் படத்துக்குள் புதைக்காதீர்கள் என்றுதான் கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது.

எழுத்துரு இன்னொரு சிக்கல். டிடிபி காலத்திலிருந்து அச்சகங்களில் புழங்கும் பல தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடுக்கு முந்தையவை. அவற்றில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்தை. திரையில் அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பாமினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளியாகத் தெரிவது உள்ளே அரைப்புள்ளிக் குறி. காலண்டருக்காகத் தட்டிய வாசகத்தை அப்படியே வெட்டித் தளத்தில் ஒட்டினால், நிரலின் கையில் கிடைப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த அர்த்தமற்ற வரிசை. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. இணையத்துக்கு எழுதும்போதாவது யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது அச்சகத்துக்கு ஒரு பிற்பகல் வேலை. இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. இதை விட்டுவிட்டு வேறு எதற்குச் செலவு செய்தாலும் வீண்.

அடைவில் ஏறியாயிற்று. ஆயிரம் பக்கங்களில் எதை முதலில் காட்டுவது? கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதற்கு ஓர் அழகான விடை தந்தது. எல்லாப் பக்கத்திலும் இருக்கும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது; அரிதான சொல்லுக்கே எடை அதிகம். பத்து லட்சம் பக்கங்கள் கொண்ட தொகுப்பில் ஒரு சொல் ஒரு லட்சம் பக்கங்களில் இருந்தால், பத்தடிமான மடக்கைக் கணக்கில் அதன் எடை 1. நூறு பக்கங்களில் மட்டும் இருக்கும் சொல்லின் எடை 4. போட்டியில் இருக்கும் அத்தனை அச்சகமும் ‘சிவகாசி’, ‘பிரிண்டிங்’ என்று எழுதியிருக்கும்போது அந்தச் சொற்களால் ஒருவருக்கும் தனி இடம் கிடைக்காது. ‘மருந்துப் பெட்டிக்கு டை கட்டிங்’, ‘கோயில் திருவிழா அழைப்பிதழ்’, ‘ஜவுளிக்கடை காலண்டர் 500 எண்ணம்’ என்று தான் உண்மையிலேயே செய்யும் வேலையை விவரித்தவருக்குக் கிடைக்கும்.

சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால்? ஒரே பக்கத்தில் ‘சிவகாசி காலண்டர்’ என்று நாற்பது தடவை போடச் சொல்லும் ஆலோசகர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1990-களில் ஸ்டீபன் ராபர்ட்சனும் அவருடைய குழுவினரும் லண்டனில் உருவாக்கிய பிஎம்25 என்ற சூத்திரம் இந்த ஆசைக்குக் கூரை போட்டுவிட்டது. அதில் வழக்கமாக வைக்கும் மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால், சொல் ஒரு முறை வந்தால் 1 மதிப்பெண், பத்து முறை வந்தால் 1.96, நாற்பது முறை வந்தால் 2.14. நானூறு முறை எழுதினாலும் 2.2-ஐத் தாண்டாது. பக்கம் நீண்டால் அதற்கும் ஒரு கழிவு உண்டு. கூகுளின் இன்றைய கணக்கு இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. சொற்களைத் திணிப்பதைக் குற்றமாகவே அது கருதுகிறது. 2019 அக்டோபரில் கூகுள் தேடலில் சேர்ந்த ‘பெர்ட்’ என்ற மொழி மாதிரி, வாக்கியத்தில் ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் இருப்பதையும் சேர்த்துப் பொருள் பார்க்கிறது. அந்த டிசம்பரில் அது 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தபோது தமிழும் இடம்பெற்றது.

ஆகவே எதை எழுதுவது என்ற கேள்விக்கு விடை அச்சகத்தின் தொலைபேசியிலேயே இருக்கிறது. “அண்ணாச்சி, ஆயிரம் காலண்டர் அடிச்சா ஒண்ணு என்ன விலை வரும்? போன வருசத்த விட ஏன் கூடுது? புரூஃப் எப்ப அனுப்புவீங்க? லாரி பார்சல்ல போட்டா ஈரோட்டுக்கு என்னைக்கு வரும்?” வாடிக்கையாளர் இதைத்தான் கேட்கிறார், தேடும் பெட்டியிலும் இதைத்தான் தட்டுகிறார். ஒவ்வொரு கேள்விக்கும் தொழில் தெரிந்தவர் பேசுகிற மாதிரியே, காகிதத்தின் கனம், லேமினேஷன், டெலிவரி என்று விவரத்தோடு ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும். காலண்டர், கேலண்டர், நாள்காட்டி என்று மக்கள் பலவிதமாகத் தட்டுவார்கள், ஆங்கிலத்திலும் தேடுவார்கள். இயல்பாக வருகிற இடத்தில் அந்தச் சொற்களும் வரட்டும்.

சொல் பொருந்தினால் மட்டும் போதாது, நம்பத்தகுந்த பக்கமா என்பதும் தெரியவேண்டும். இதற்கான வழியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்டார்கள். ஓர் ஆய்வுக்கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் வழக்கத்தை யூஜின் கார்ஃபீல்டு 1950-களிலேயே முன்மொழிந்திருந்தார். அந்த எண்ணத்தை இவர்கள் இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு வாக்கு. வாக்களிக்கும் பக்கம் எவ்வளவு மதிப்புள்ளதோ அவ்வளவு வாக்குக்கும் மதிப்பு. புதிதாக வந்தவருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுக்குமுன் வியாபாரி நாலு பேரிடம் விசாரிப்பார்; அந்த நாலு பேரும் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் பார்ப்பார். பேஜ்ரேங்க் செய்வதும் அதுதான்.

கணக்காகவே பார்க்கலாம். இணைப்புகளைச் சொடுக்கிக்கொண்டே போகும் ஒருவர், 100-க்கு 85 தடவை ஏதோவொரு இணைப்பைத் தொடர்கிறார், 15 தடவை சலித்துப்போய் வேறெங்கோ தாவுகிறார் என்று வைத்துக்கொண்டார்கள். மதிப்பு 1 உள்ள ஒரு பக்கத்தில் இரண்டே இணைப்புகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர்வது 0.425. அதே பக்கத்தில் நூறு இணைப்புகள் இருந்தால் 0.0085. ஐம்பது மடங்கு குறைவு. முந்நூறு அச்சகங்களின் பெயரை வரிசையாகக் கொட்டிவைத்த பட்டியல் தளத்தில் இடம்பிடிப்பதால் பெரிதாக எதுவும் நடக்காததற்கு அடிப்படை இதுதான். உங்களிடம் ஆண்டு மலர் அச்சடித்த கல்லூரி தன் பக்கத்தில் ஒரே ஒரு இணைப்புக் கொடுத்தால் அதற்கு எடை உண்டு. ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாவதை ஆண்டுதோறும் பத்திரிகைகள் செய்தியாக்குகின்றன. அந்த ஆண்டின் புதிய ரகங்களையும் காகித விலை நிலவரத்தையும் ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கும் அச்சகம், இணைப்புப் பெறத் தகுதியுள்ள ஒன்றைக் கையில் வைத்திருக்கிறது.

இணைப்பை விலைக்கு வாங்கவும் முடிகிறது. ‘ஐந்நூறு இணைப்புகள், மாதக் கட்டணம், முதலிடம் உறுதி’ என்று வரும் அழைப்புகளின் சரக்கு அதுவே. இப்படிச் செயற்கையாகக் கட்டிய இணைப்புகளைக் கண்டுபிடித்துத் தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு அது அன்றாடக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. முதலிடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது என்று கூகுள் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. சிறு முதலில் தொழில் நடத்துகிறவர் காகிதத்துக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை இதில் கொட்டுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பட்டாசு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கவோ விற்கவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்டது. ஆனாலும் தீபாவளி நெருங்கும்போது விலைப்பட்டியலோடு தளங்கள் முளைக்கின்றன. பணத்தை வாங்கிக்கொண்டு மறையும் போலித் தளங்களைப் பற்றித் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு 2024-இல் எச்சரித்தது. ஏமாந்தவர்கள் அழைக்கவேண்டிய எண் 1930. தேடல் வரிசை பொருத்தத்தையும் இணைப்பையும் அளக்கிறது. சரக்கு வந்து சேருமா என்பதை அதனால் அளக்க முடியாது. வரிசைக்கும் மேலே ‘ஸ்பான்சர்டு’ என்ற குறிப்போடு தெரிபவை பணம் கட்டிப் பெற்ற இடங்கள். முறையாக உரிமம் பெற்ற ஆலை தன் தளத்தில் உண்மையான முகவரியையும், தன் பெட்டியை அடையாளம் காணும் விதத்தையும், நாக்பூரில் இருக்கும் நீரி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு முத்திரையையும் க்யூஆர் குறியீட்டையும் பற்றி விளக்கி எழுதலாம். 2018 உத்தரவு இதைத் தடுக்கவில்லை. பெயரைத் திருடும் போலிகளுக்கு எதிராக இருக்கும் நல்ல தற்காப்பும் அதுவே.

கூகுள் வரைபடத்தில் இடம்பிடிப்பதைப் பற்றிப் பலர் நிறையப் பேசுகிறார்கள். பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இது உயிர்நாடி. வெளியூர் ஆர்டரை நம்பியிருக்கும் காலண்டர் அச்சகத்துக்குத் தூரக் கணக்கு அவ்வளவு உதவாது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதாமல் ஒரே முகவரியை எங்கும் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுத்த வேலை, படங்களின் கனத்தைக் குறைப்பது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ4 அளவுப் படம் அந்தத் தரத்தில் சுமார் 87 லட்சம் புள்ளிகள். 1080 புள்ளி அகலமுள்ள செல்பேசித் திரைக்குச் சுமார் 16.5 லட்சம் புள்ளிகளே போதும். அச்சுக் கோப்பை அப்படியே ஏற்றினால் கிராமத்து சிக்னலில் பக்கம் திறக்குமுன் வாடிக்கையாளர் போய்விடுவார். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அச்சுக்கான நான்கு வண்ண முறையைத் திரைக்கான மூன்று வண்ண முறைக்கு மாற்றிவிட்டால் அம்மன் படத்தின் சிவப்பு சிவப்பாகவே தெரியும்.

இவற்றின் பலன் ஒரு வாரத்தில் தெரியாது. நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பது கூகுள் ஊழியர் ஒருவர் 2017-இல் பொதுவெளியில் சொன்ன கணக்கு. ஆடி 18-க்கு ஆல்பம் போடுகிறவர் தை, மாசியிலேயே எழுத உட்காரவேண்டும். மார்கழி ஆர்டர் நெருக்கடியில் இது நடக்காது. கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்துகொண்டால், என்னென்ன சொற்களுக்கு நம் பக்கம் எத்தனையாவது இடத்தில் வந்தது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று தெரியும். அது 16 மாத விவரத்தை வைத்திருக்கிறது. அதனால் போன ஆடியையும் இந்த ஆடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாற்பதாவது இடத்தில் காட்டியும் யாரும் சொடுக்காத சொல் ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால், அடுத்து எழுதவேண்டிய பக்கம் அதைப் பற்றியது.