பொய்யிரைக்கு ஏற்ற தூண்டிற்கோல்

நெய்யாற்றின் ஓரமாக ஞாயிறு மாலைகளில் நடந்து செல்லும் அன்பர்கள், தூண்டிற்கோலும் கையுமாய் நிற்கும் இளைஞர் பலரைக் கண்டிருப்பர். மூங்கிற் கழியில் நூலைக் கட்டி, மண்புழுவை முள்ளிற் கோத்து, மிதப்பையே நோக்கி அமர்ந்திருப்பது பழைய முறை. இவ்விளைஞரோ, மீன்போலவும் தவளைபோலவும் செய்யப்பட்ட பொய்யிரையைத் தொலைவில் எறிந்து, உருளையால் நூலைச் சுற்றி இழுத்து, பிற உயிர்களை வேட்டையாடித் தின்னும் மீன்களைப் பிடிக்கின்றனர். கடைக்காரர் 'லூர்' என்பது இப்பொய்யிரையையே.

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரையுள்ள நம் சிற்றூர்களில், தமக்கும் அத்தகைய கோல் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கியுள்ளனர். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்தில், விலை மிகுந்ததே சிறந்தது என்று எண்ணி வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துதல் கூடாது. எந்த நீரில், எந்த மீனுக்கு, எத்தனை கிராம் எடையுள்ள இரையை எறியப் போகிறோம் என்பதே கோலைத் தெரிந்தெடுக்கும் அளவுகோலாகும்.

உயிருள்ள இரை தானே துடித்து மீனை அழைக்கும். பொய்யிரைக்கு உயிர் கொடுப்பது பிடிப்பவன் கையும் கோலுமே. ஒரு மாலைப் பொழுதில் நூறு முறைக்கு மேலும் எறிந்து இழுக்க வேண்டியிருக்கும். ஆதலின் கோல் இலேசாக இருத்தல் வேண்டும். இரையின் எடைக்குப் பொருந்தியும் இருத்தல் வேண்டும். எறியும்போது இரையின் கனத்தால் கோல் வில்லைப்போல் வளைந்து நிமிர்கிறது. அவ்விசையே இரையைத் தொலைவிற்கு அனுப்புகிறது. இரை மிக இலேசானதாயின் கோல் வளையாது. இரையும் அருகிலேயே விழும். மிகக் கனமானதாயின் கோல் முறியவும் கூடும்.

கைப்பிடிக்கு மேலே கோலில் சில எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். 702 என்றிருப்பின், பெரும்பாலும் ஏழு அடி நீளம், இரண்டு துண்டு என்பது பொருள். 10–30 கிராம் என்றிருப்பின், அவ்வெடையுள்ள இரைக்கு அது ஏற்றதாகும். பவுண்டு கணக்கில் நூலின் வலிமையும் குறிக்கப்பட்டிருக்கும். மென்மை, நடுத்தரம், வன்மை என்பவற்றைக் குறிக்கும் எழுத்துகள் செய்வோருக்குச் செய்வோர் மாறுபடுதலால், கிராம் கணக்கையே நம்புதல் நலம்.

இனி, நம் பகுதியின் நீர்நிலைகளை நோக்குவோம். குளங்களிலும் வயலோடைகளிலும் பாசியின் கீழே பதுங்கியிருப்பது விரால். அதற்குத் தவளை வடிவப் பொய்யிரையை எறிந்து, கவ்விய மீனைப் பாசியோடு சேர்த்து இழுக்க வேண்டும். இதற்கு ஆறரை முதல் ஏழு அடி வரையுள்ள வன்மையான கோல் வேண்டும். நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாறு பொழிமுகத்தில் கொடுவாவும் செம்பல்லியும் உண்டு. கொடுவாவை மலையாளத்தில் காளாஞ்சி என்றும் நரிமீன் என்றும் வழங்குவர். இவற்றிற்கு ஏழு முதல் எட்டு அடி நீளமும், 10–40 கிராம் இரையைத் தாங்கும் நடுத்தர வலிமையும் போதும். கடற்கரை மணலில் நின்று அலைக்கு அப்பால் எறிவோர்க்கு ஒன்பது அல்லது பத்து அடிக் கோல் தேவை. ஆயினும் பொழிமுகத்தின் நீரோட்டமும் கரையை மோதும் அலையும் ஆளை இழுக்க வல்லவை. சிறுவரை அங்கே தனியே விடலாகாது.

முதன்முதலாகப் பழகுவோர்க்குக் கோலின் அடியில் தொங்கும் உருளையே எளிது; மேலே அமரும் உருளையில் நூல் சிக்கிக்கொள்ளும். கடையில் உருளையைப் பொருத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். நுனி கனத்துத் தாழுமாயின் கை விரைவில் சோரும். நூல் செல்லும் வளையங்களுள் சிறிது பஞ்சைச் செலுத்தித் தேய்த்துப் பாருங்கள். பஞ்சிழை எங்கேனும் சிக்கினால் அங்கே விரிசல் உண்டு. அது நூலை அறுத்துவிடும். துண்டுகள் சேரும் இடம் ஆடாதிருத்தல் வேண்டும். நுனியைக் கையாற்பற்றி வளைத்துப் பார்த்தல் தவறு. நல்ல கோலும் அதனால் முறியும்.

மூங்கிலுக்குப் பின் கண்ணாடி இழைக் கோல்களும், 1970-களில் கார்பன் இழைக் கோல்களும் வழக்கிற்கு வந்தன. கண்ணாடி இழை சற்றுக் கனமானது. ஆனால் அடிபட்டாலும் தாங்கும், விலையும் குறைவு. பழகும் பிள்ளைகட்கு அதுவே ஏற்றது. கார்பன் இலேசானது; மீன் தொட்டவுடன் கைக்கு உணர்த்தும். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பலர் அறியார்.

புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நான் இதனை வற்புறுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நெய்யாற்றைக் கடக்கும் நம் இருப்புப்பாதையின் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் உள்ளது. அக்கம்பியைத் தொடாமலே, அருகில் நீட்டிய பொருள் வழியாகவும் அது பாயக்கூடும். ஆதலின் நிலையத்திலோ பாதையருகிலோ கோலை நிமிர்த்திப் பிடித்துச் செல்லாதீர்கள். துண்டுகளைக் கழற்றி, உறையிலிட்டுத் தாழ்த்தியே கொண்டு செல்லுங்கள். ஊர் மின்கம்பிகளின் கீழும் அவ்வாறே. ஐப்பசி மாலைகளில் இடி முழங்கத் தொடங்கினால், கோலை உடனே கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துள் சென்றுவிட வேண்டும்.

மற்றொன்று. நெய்யாறு அணையின் நீர்ப்பரப்பு 1958-இல் அமைந்த வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. அங்கே அனுமதியின்றி மீன் பிடித்தல் குற்றமாகும், முதலைகளும் உண்டு.

பெற்றோர்களே, கடைக்குப் புறப்படுமுன் நீர், மீன், இரையின் எடை ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். அத்தாளுக்குப் பொருந்தும் கோலை, கடன்படாமல் கையிலுள்ள பணத்திற்குள் வாங்குங்கள். முதற் சில வாரங்கள் நீங்களும் உடன் சென்று கரையில் அமர்ந்திருங்கள்.