நீச்சல் குள நீரை மாற்றாமல் பராமரிப்பது எப்படி? பெங்களூரு தட்டுப்பாடு உணர்த்திய கணக்கு

பெங்களூரு: கடந்த 2024 மார்ச்சில் பெங்களூரு கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்தபோது, நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்த மாநகரக் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம் எனவும் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் டேங்கர் லாரிகளுக்கு மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது. அதன்படி, 5 கிலோமீட்டர் தொலைவுக்குள் 12,000 லிட்டர் தண்ணீரின் விலை அப்போது 1,000 ரூபாயாக இருந்தது.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.5 மீட்டர் ஆழம் கொண்ட வீட்டுக் குளம் 48,000 லிட்டர் கொள்ளும். அதாவது 4 லாரித் தண்ணீர். குளம் வைத்திருப்பவருக்கு 4,000 ரூபாய் பெரிய தொகை அல்ல. தட்டுப்பாட்டுக் காலத்தில் லாரி வருமா என்பதே கேள்வி. எனவே, இருக்கும் நீரைக் கெடாமல் காப்பதே சிக்கனம்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவாகும். இது 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். பி.எச். 7.5 ஆக இருக்கும்போது, நீரிலுள்ள குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமிகளை வேகமாகக் கொல்லும் வடிவில் இருக்கும். 8ஐத் தொட்டால் அது கால் பங்காகக் குறைந்துவிடும். நீர் கலங்கியதும் பலர் மேலும் குளோரினைக் கொட்டுகின்றனர். பெரும்பாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது பி.எச். அளவைத்தான்.

அடுத்தது, அதிகம் கவனிக்கப்படாத சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் விரைவில் சிதையாமல் இது காக்கிறது. லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் போதுமானது. ஆனால், வீடுகளில் பரவலாகப் பயன்படும் டிரைகுளோர் மாத்திரை, லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் தரும்போது சுமார் 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கிறது. குளோரின் செலவாகிவிடும், இந்த அமிலமோ நீரிலேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் குளோரின் செலவானால், மூன்றே மாதங்களில் அமிலத்தின் அளவு 100ஐத் தாண்டும். அதன்பின் குளோரின் இருந்தும் அதன் வேகம் மந்தமாகிவிடும். அமிலத்தைப் பாதியாக்கப் பாதி நீரை வெளியேற்றுவதே நடைமுறை வழி. 48,000 லிட்டர் குளத்தில் அது 2 லாரித் தண்ணீர் வீணாவதற்குச் சமம்.

திரவ குளோரினுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட்) மாறினால் இந்தச் சிக்கல் எழாது, பி.எச். சற்று உயரும் என்பதால் அவ்வப்போது சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க நேரிடும். இவ்விரண்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும். மாத்திரையையும் பிற குளோரின் பொடிகளையும் ஒரே பாத்திரத்தில் இடுவதும் ஆபத்தானது.

ஆவியாதலும் கணக்கில் வர வேண்டும். இதே குளத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் குறைந்தால் 160 லிட்டர் இழப்பு. மாதத்துக்கு 4,800 லிட்டர். பயன்படுத்தாத நேரத்தில் குளத்தை மூடி வைத்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். நீர் ஆவியானாலும் உப்புகள் குளத்திலேயே தங்குவதால், கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் சுண்ணாம்புப் படிவு ஏற்படும். மழைநீரில் அந்தக் குறை இல்லை. பெங்களூருவில் பெரிய மனைகளில் உள்ள வீடுகளுக்கு 2009 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், குளம் உள்ள வீடுகள் பலவற்றில் அதற்கான தொட்டி ஏற்கெனவே இருக்கும். கூரை நீரை வடிகட்டிக் குளத்தில் சேர்த்தபின், பி.எச். அளவை மீண்டும் சோதிக்க வேண்டும்.